நீண்டகாலச் சிறுநீர் வடிகுழாய்ப் பயன்பாடும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும்

சிறுநீர் வடிகுழாய் என்பது சிறுநீர்ப்பையில் தேங்கும் சிறுநீரை வெளியேற்ற உடலுக்குள் செலுத்தப்படும் மெல்லிய, வளையக்கூடிய குழாய் ஆகும். மருத்துவமனையில் இதைக் 'கதீட்டர்' என்றும், பேச்சுவழக்கில் 'யூரின் டியூப்' என்றும் சொல்வர். அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு மட்டும் பொருத்தி எடுக்கப்படும் குழாய்க்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை. ஆனால், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குழாயுடனேயே வாழ்பவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பொதுமக்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலானவர்களுக்கு இந்நோய் வருவதில்லை. வரும் சிலருக்கோ, குழாயால் வழக்கமாக ஏற்படும் தொல்லைகளுக்குள் நோயின் அறிகுறிகள் மறைந்துபோகின்றன. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வடிகுழாயின் வகைகள்

சிறுநீரை வெளியேற்றும் முறைகளை நான்காகப் பிரிக்கலாம். புற்றுநோய் ஆபத்து இவை எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் இல்லாததால், இந்தப் பிரிவுகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1. புறவழித் தங்கு குழாய்: சிறுநீர் உடலைவிட்டு வெளியேறும் சிறுநீர்ப் புறவழியின் ஊடாகச் செலுத்தப்பட்டு, இரவும் பகலும் உள்ளேயே இருக்கும். இதன் நுனியில் உள்ள சிறு பலூனில் நீர் நிரப்பப்படுவதால் குழாய் வெளியே நழுவாது. மறுமுனை சிறுநீர்ப் பையுடன் இணைக்கப்படும்.

2. அடிவயிற்றுத் தங்கு குழாய்: தொப்புளுக்குக் கீழே சிறு துளையிட்டு நேரடியாகச் சிறுநீர்ப்பைக்குள் வைக்கப்படும். புறவழிக்குப் புண் ஏற்படுவதைத் தவிர்க்க இது உதவும்.

3. இடைவிட்டுச் செலுத்தும் குழாய்: ஒரு நாளில் நான்கு முதல் ஆறு முறை குழாயைச் செலுத்தி, சிறுநீர் முழுவதும் வடிந்ததும் உடனே எடுத்துவிடுவது. நோயாளி தாமே செய்யலாம்; உடனிருப்பவரும் செய்துவிடலாம்.

4. வெளிக்குழாய்: ஆண்களுக்கு ஆணுறை வடிவில் உறுப்பின்மேல் மாட்டப்படுவது. இதன் எந்தப் பகுதியும் உடலுக்குள் செல்வதில்லை.

புற்றுநோய் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளைப் பற்றியவை. குழாய் சிறுநீர்ப்பைக்குள் ஓயாமல் தங்கியிருப்பதே இவ்விரண்டுக்கும் பொதுவானது.

வரலாறு

பலூன் உள்ள தங்கு குழாய் இன்றும் 'ஃபோலி கதீட்டர்' என்றே அழைக்கப்படுகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த சிறுநீரியல் மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி 1930களில் இதை வடிவமைத்தார். புராஸ்டேட் சுரப்பி அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் இரத்தக் கசிவைப் பலூனின் அழுத்தத்தால் நிறுத்துவதே அவரது முதல் நோக்கமாக இருந்தது. சில நாட்களுக்கென உருவான கருவி, பின்னர் வாழ்நாள் முழுவதும் உடலில் இருக்கும் துணையாகவும் மாறியது.

இந்த மாற்றத்தைத் தண்டுவடக் காயத்தின் வரலாற்றில் காணலாம். முதல் உலகப் போரில் தண்டுவடம் காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். கிருமி நீக்கிய முறையில் இடைவிட்டுக் குழாய் செலுத்துவதை அவர் அங்கே வற்புறுத்தினார். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லபிடெஸ் ஒரு படி மேலே சென்றார். முழுக் கிருமி நீக்கம் தேவையில்லை; கைகளைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு நோயாளியே தம் குழாயைச் செலுத்தலாம் என்று காட்டினார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பி விரிவதே தொற்றுக்கு முதன்மைக் காரணம் என்பது அவரது கருத்து.

இந்த முன்னேற்றங்களால் தண்டுவடக் காயமுற்றோர் பல பத்தாண்டுகள் வாழத் தொடங்கினர். குழாயை 20, 30 ஆண்டுகள் பயன்படுத்துவோர் பெருகிய பின்னரே, நீண்டகால விளைவான புற்றுநோய் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது.

யாருக்கு நீண்டகாலக் குழாய் தேவைப்படுகிறது?

தண்டுவடக் காயம், பிறவியிலேயே தண்டுவடம் முழுமையாக மூடாத நிலை, நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்கள் ஆகியவற்றில் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு கெடுகிறது. இந்நிலை 'நரம்புசார் சிறுநீர்ப்பைக் கோளாறு' எனப்படும். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபட்டு, உடல்நிலை காரணமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ள இயலாத முதியவர்களுக்கும் குழாய் நெடுங்காலம் தேவைப்படலாம்.

சிறுநீர் வெளியேறாமல் தேங்கினால் சிறுநீர்ப்பையின் அழுத்தம் உயர்ந்து, சிறுநீர் மேல்நோக்கிச் சென்று சிறுநீரகங்களைக் கெடுக்கும். ஒரு காலத்தில் தண்டுவடக் காயமுற்றோரின் மரணத்துக்குச் சிறுநீரகச் செயலிழப்பே முதன்மைக் காரணமாக இருந்தது. ஆகவே, வடிகுழாய் உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. புற்றுநோய்க்கு அஞ்சி மருத்துவரைக் கேட்காமல் அதை அகற்றுவது மிகப் பெரிய ஆபத்து.

சிறுநீர்ப்பைக்குள் நிகழும் மாற்றங்கள்

சிறுநீர்ப்பையின் உட்புறத்தை ஒரு சிறப்பான படலம் மூடியிருக்கிறது. பை நிரம்பும்போது விரியவும், காலியாகும்போது சுருங்கவும், சிறுநீரிலுள்ள கழிவுகள் தசைக்குள் ஊறாமல் தடுக்கவும் இப்படலம் உதவுகிறது. தங்கு குழாய் இதைப் பல வழிகளில் தாக்குகிறது.

முதலாவது, உராய்வு. குழாயின் நுனியும் பலூனும் ஒரே இடத்தில் ஓயாமல் உரசுகின்றன.

இரண்டாவது, தொற்று. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதத்துக்குள் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா குடியேறிவிடுகிறது. அவை குழாயின் மேல் வழவழப்பான படலமாகப் படிவதால் மருந்துகளால் முற்றிலும் அழிப்பது கடினம்.

மூன்றாவது, கற்கள். புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. இதனால் சிறுநீர் காரத்தன்மை அடைந்து, உப்புகள் குழாயின் மேல் படிகின்றன. குழாய் அடைபடுவதுடன் சிறுநீர்ப்பையில் கற்களும் உருவாகின்றன. கற்கள் உராய்வை மேலும் கூட்டுகின்றன.

நான்காவது, வேதிப்பொருள்கள். சில பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை மாற்றி, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமின்கள் உருவாக வழிசெய்கின்றன.

இவற்றால் உள்படலம் ஆறாத அழற்சிக்கு உள்ளாகிறது. செல்கள் அழிவதும் புதிய செல்கள் பிறப்பதும் வேகமாகத் தொடர்கின்றன. தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில், மென்மையான படலம் தோலைப் போன்ற தட்டையான செதிள் செல்களாக மாறுகிறது. உள்ளங்கை காய்த்துப்போவதோடு இதை ஒப்பிடலாம். செதிள் திசுமாற்றம் எனப்படும் இந்த நிலை புற்றுநோய் அன்று. பலருக்கு இது இந்த அளவிலேயே நின்றுவிடும். ஆனால், செல்கள் இடைவிடாமல் பிரியும்போது மரபணுப் பிழைகள் சேர்ந்து, சிலருக்கு அது செதிள் செல் புற்றுநோயாக மாறக்கூடும்.

பொதுமக்களுக்கு வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது உள்படலத்தின் இயல்பான செல்களில் தோன்றுவது; செதிள் செல் வகை அரிது. தண்டுவடக் காயமுற்றோரிடமோ செதிள் செல் வகையின் பங்கு பன்மடங்கு உயர்ந்து காணப்படுகிறது. அழற்சிக்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள உறவுக்கு இது ஒரு முக்கியச் சான்று.

எகிப்திலிருந்து ஓர் ஒப்புமை

நீண்டகால அழற்சி செதிள் செல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை மருத்துவ உலகம் வடிகுழாய்க்கு முன்பே அறிந்திருந்தது. 1851இல் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ், மனித உடலில் வாழும் ஓர் இரத்தப் புழுவைக் கண்டறிந்தார். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கிப் பல ஆண்டுகள் அழற்சியை ஏற்படுத்துகின்றன. இந்நோய் பரவியிருந்த எகிப்தில் செதிள் செல் வகைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மிகுதியாக இருந்தது. ஒட்டுண்ணி கட்டுப்படுத்தப்பட்ட பிறகு அந்த வகையின் பங்கு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இப்புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது. புழு முட்டையும் ரப்பர் குழாயும் வேறு வேறு பொருள்கள். இரண்டும் படலத்தை ஓயாமல் புண்படுத்துவதில் ஒத்திருக்கின்றன.

ஆய்வுகள் கூறுவது

1977இல் அமெரிக்காவில் தண்டுவடக் காயமுற்றோரின் சிறுநீர்ப்பைத் திசுக்களை ஆராய்ந்த காஃப்மன் குழுவினர், பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்கு குழாய் பயன்படுத்தியோரில் 80 விழுக்காட்டினரிடம் செதிள் திசுமாற்றத்தைக் கண்டனர். பத்து ஆண்டுகளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியோரில் இது 42 விழுக்காடு. குழாய் இல்லாதவர்களில் 20 விழுக்காடு. காலம் கூடக்கூட மாற்றமும் கூடுவதை இது காட்டியது.

2002இல் வெளியான குரோவா குழுவினரின் ஆய்வு இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. 3,670 தண்டுவடக் காய நோயாளிகளில் 21 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருந்தது. புகைபிடித்தல், கற்கள், வயது முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்பும், தங்கு குழாயை மட்டுமே பயன்படுத்தியோருக்கு மற்றவர்களைவிட ஆபத்து 4.9 மடங்கு இருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 25 மடங்கு.

இதற்கு மாறான முடிவும் உண்டு. 2010இல் கலிஸ்வார்ட் குழுவினர் 1,319 தண்டுவடக் காய நோயாளிகளை ஆராய்ந்து, 32 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருந்ததைக் கண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தங்கு குழாய் பயன்படுத்தாதவர்கள். எனவே, நரம்புக் கோளாறுற்ற சிறுநீர்ப்பையே ஒரு தனி ஆபத்துக் காரணி என்று அவர்கள் கருதினர். குரோவா ஆய்வின் இரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் இதற்கு இடமிருக்கிறது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் 25 மடங்காக உள்ள ஆபத்து, குழாய் இல்லாத தண்டுவடக் காய நோயாளிகளோடு ஒப்பிட்டால் 5 மடங்காகக் குறைகிறது. அதாவது, குழாய் இல்லாவிடினும் இவர்களுக்கு ஓரளவு கூடுதல் ஆபத்து உள்ளது. தங்கு குழாய் அதை மேலும் உயர்த்துகிறது.

எண்களைப் புரிந்துகொள்ளும் முறை

'25 மடங்கு' என்ற சொல் அச்சமூட்டுவது. ஆனால், மிகச் சிறிய ஓர் எண்ணின் 25 மடங்கும் சிறியதாகவே இருக்கலாம். குரோவா ஆய்வில் தங்கு குழாய் பயன்படுத்தியோருக்குக் கிடைத்த விகிதம், ஒரு லட்சம் பேர் ஓராண்டு பயன்படுத்தினால் 77 பேருக்கு நோய் என்பது. இதே விகிதத்தில், 1,000 பேர் 10 ஆண்டுகள் குழாயைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 8 பேருக்கு நோய் வரலாம். 992 பேருக்கு வராது. இது சராசரிக் கணக்கு. முதல் சில ஆண்டுகளில் ஆபத்து மிகக் குறைவாகவும், பத்து ஆண்டுகளைக் கடந்த பிறகு கூடுதலாகவும் இருக்கும்.

'எத்தனை மடங்கு?' என்ற கேள்வியோடு 'எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?' என்ற கேள்வியையும் கேட்டால்தான் எந்த மருத்துவச் செய்தியும் சரியாக விளங்கும். 21 நோயாளிகளை வைத்துக் கிடைத்த மடங்கு எண், ஒன்றிரண்டு பேர் கூடினாலோ குறைந்தாலோ மாறக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

அறிகுறிகள் ஏன் தவறவிடப்படுகின்றன?

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதன்மை அறிகுறி, சிறுநீரில் இரத்தம். குழாய் இல்லாத ஒருவர் இதைக் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்வார். குழாய் உள்ளவருக்கோ, குழாயை மாற்றும்போதும், இழுபடும்போதும், தொற்றின்போதும் இரத்தம் வருவது வழக்கம். எனவே நோயாளியும் வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவப் பணியாளரும், 'டியூப் உரசியிருக்கும்' என்று விட்டுவிடுகின்றனர். தண்டுவடக் காயமுற்றோருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாதலால் வலியும் எரிச்சலும் எச்சரிப்பதில்லை. இதனால், தசைவரை பரவிய நிலையிலேயே பலருக்கு நோய் தெரியவருகிறது.

கீழ்க்காணும் நிலைகளில் யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீரியல் மருத்துவரைத் தாமதமின்றி அணுக வேண்டும்:

- குழாய் மாற்றியதோடு தொடர்பில்லாமல் சிறுநீரில் இரத்தம் வருதல், அல்லது மீண்டும் மீண்டும் வருதல்
- முன்பைவிட அடிக்கடி தொற்று ஏற்படுதல், மருந்துக்கும் அடங்காதிருத்தல்
- குழாய் அடிக்கடி அடைபடுதல், சதைத் துணுக்கு போன்றவை வெளிவருதல்
- குழாயின் பக்கவாட்டில் புதிதாகச் சிறுநீர் கசிதல்
- புறவழியிலோ அடிவயிற்றுத் துளையைச் சுற்றியோ ஆறாத புண், கட்டி, சதை வளர்ச்சி
- காரணம் தெரியாத எடை இழப்பு, அடிவயிற்றில் கட்டி

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கல்லோ தொற்றோதான் காரணமாக இருக்கும். ஆயினும், அது பரிசோதனைக்குப் பின் அடைய வேண்டிய முடிவே தவிர, முன்கூட்டிய ஊகமாக இருக்கக் கூடாது.

கண்டறிதல்

சிஸ்டோஸ்கோப்பி எனப்படும் அகநோக்கிக் கருவியால் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்த்து, ஐயமுள்ள இடத்திலிருந்து திசு எடுத்துப் பரிசோதிப்பதே உறுதியான வழி. நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய சி.டி. ஸ்கேன் உதவும். சிறுநீரில் புற்றுச் செல்களைத் தேடும் பரிசோதனை, அழற்சி மிகுந்த குழாய் நோயாளிகளிடம் அவ்வளவு நம்பகமானதன்று. குழாய் உரசிய இடம் வீங்கிச் சிவந்து கட்டிபோல் தோன்றுவதால், கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. திசுப் பரிசோதனை தேவை.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் ஆண்டுதோறும் சிஸ்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமா என்பது நெடுநாள் விவாதம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நரம்புசார் சிறுநீர்ப்பைக் கோளாறு உள்ளோருக்கு அறிகுறி இல்லாத நிலையில் வழக்கமான சிஸ்டோஸ்கோப்பி வேண்டியதில்லை என்கிறது. சிறுநீரில் இரத்தம், திரும்பத் திரும்ப வரும் தொற்று போன்றவை இருந்தால் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே, அறிகுறியைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் கூடுகிறது.

சிகிச்சை

செதிள் செல் புற்றுநோய் மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. மற்ற வகைப் புற்றுநோயின் தொடக்க நிலையில் பயன்படும் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை இதற்குப் பொருந்துவதில்லை. பெரும்பாலும் சிறுநீர்ப்பையை முழுவதும் அகற்றி, குடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீருக்குப் புதிய வழி அமைக்கப்படுகிறது. நோய் பையைக் கடந்து பரவும் முன் கண்டறியப்பட்டால் இந்த அறுவை சிகிச்சை நல்ல பலன் தர வாய்ப்புண்டு.

ஆபத்தைக் குறைக்கும் வழிகள்

- குழாய் ஏன் தேவை, எதுவரை தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தேவை முடிந்த பிறகும் மறதியால் தொடரும் குழாய்கள் உண்டு.
- கைகளைப் பயன்படுத்த முடிந்தவர்கள், அல்லது உதவிக்கு ஆள் உள்ளவர்கள், இடைவிட்டுக் குழாய் செலுத்தும் முறைக்கு மாற முடியுமா என்று கேட்கலாம்.
- குழாயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். பூச்சிட்ட லேடெக்ஸ் குழாய்களில் சில வகைகள் 4 வாரங்கள் வரையிலும், முழு சிலிக்கோன் குழாய்கள் 12 வாரங்கள் வரையிலும் பயன்படும். அடிக்கடி அடைபடுபவர்கள் அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.
- குழாயைத் தொடையில் ஒட்டி, இழுபடாமல் வைக்க வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையைத் தொடாமல் இருக்க வேண்டும்.
- மருத்துவர் தடை விதிக்காவிடில் போதிய நீர் அருந்த வேண்டும். கற்கள் இருந்தால் அகற்றிவிட வேண்டும்.
- காய்ச்சல் முதலிய அறிகுறி இல்லாமல், சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் எடுக்கக் கூடாது. கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடும்.
- புகைபிடிப்பதை நிறுத்த வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு உலகளவில் மிக முக்கியமான காரணி புகையிலையே. குழாயோடு புகையும் சேர்ந்தால் படலத்தின்மேல் இரு தாக்குதல்கள் நிகழ்கின்றன.

குழாய் பொருத்தப்பட்ட ஆண்டு, மாற்றிய தேதிகள், இரத்தம் வந்த நாட்கள், எடுத்த மருந்துகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிதும் உதவும். பத்து ஆண்டுகளில் மருத்துவர்களும் உடனிருந்து கவனிப்பவர்களும் மாறக்கூடும். 'இது எப்போதும் வரும் இரத்தம்தானா, புதியதா?' என்று புதிய மருத்துவர் கேட்கும்போது, அதற்கு விடை சொல்ல இந்தக் குறிப்புகள் தேவைப்படும்.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. சிகிச்சை குறித்த எந்த முடிவையும் மருத்துவரின் ஆலோசனையுடனேயே எடுக்க வேண்டும்.